நூல் தீரும்வரைக்கும் நில்

வெள்ளாந்துறை மாதா கோவில் திருவிழாவின் கடைசி மாலையில், மாதா சுரூபம் இருக்கும் கெபிக்கு முன்னால் போட்ட மேடையில், 'கடைசி பஸ்' இசைக்குழு அந்தப் பாட்டைப் பாடியது. மறுநாள் காலை கொடிமரத்திலிருந்து கொடி இறங்கவில்லை. உபதேசியார் கயிற்றை இழுத்தார். கயிறு வந்தது, கொடி வரவில்லை. வலை இழுத்துப் பழகிய கைகள் சேர்ந்து இழுத்தபோது கயிறு முழுவதும் கீழே வந்து மணலில் சுருண்டு விழுந்தது, கொடி மட்டும் உச்சியில் எதிலும் கட்டப்படாமல், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாததுபோல ஆடிக்கொண்டிருந்தது. பங்குச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"மாதாவுக்கு இன்னும் ஆசை தீரல போல," என்றார். "கொடி இறங்குற வரைக்கும் திருவிழாதான். மைக்செட்டுக்காரங்கிட்டச் சொல்லுங்க, எதையும் கழட்ட வேண்டாம்."

சனம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. ராட்டினக்காரர் இறக்கி அடுக்கிய மரக்குதிரைகளை மறுபடி மாட்டினார், அல்வாக் கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்தார், வளையல் விற்க வந்த பெண்கள் மூட்டையை அவிழ்த்துப் பரப்பினார்கள்.

அன்று காலை தூத்துக்குடிக்குப் புறப்பட்ட பஸ் வடக்கு ரோட்டில் உப்பளங்களைத் தாண்டி, உடைமர வளைவில் மறைந்து, மதியத்துக்குள் தெற்கு ரோடு வழியாக வெள்ளாந்துறைக்கே வந்து நின்றது. எங்குமே வண்டியைத் திருப்பவில்லை என்று டிரைவர் மாதா மேல் சத்தியம் செய்தார். கண்டக்டர் பிச்சையா படியில் நின்று வெளியே பார்த்து, ஏறின ஊரே வந்திருப்பதைக் கண்டு, பழக்கதோஷத்தில், "எறங்குறவங்க எறங்குங்க, எறங்குறவங்க எறங்குங்க" என்றார். இறங்கினார்கள். டீ குடித்தார்கள். மறுநாளும் ஏறினார்கள். பிறகு பிச்சையா டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டார்; மதிய நேரத்தில் பிள்ளைகளும் வேலையில்லாதவர்களும் ஜன்னலோரம் பிடித்து, ஒரு காற்று வாங்கலாம் என்று போய்விட்டு வந்தார்கள்.

வள்ளங்களும் அப்படித்தான். விடியலில் நேராகக் கிழக்கே ஓட்டிப் போனவர்களுக்கு எதிரே வெள்ளாந்துறைக் கோபுரமே முளைத்தது. ஆனால் வலை நிறைய மீனோடு வந்ததால் யாரும் குறை சொல்லவில்லை. வேம்பில் பழுத்த இலை பழுத்தபடி நின்றது, முருங்கைப் பூ உதிரவில்லை, ஆடின பல் ஆடிக்கொண்டே இருந்தது, ஒரு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த சம்பந்திமார்கள் இருந்தார்கள், விக்கல் எடுத்தவர்களுக்கு விக்கல் இருந்தது, மீன் பொரித்த வீட்டில் பொரித்த வாசம் அப்படியே இருந்தது, காலண்டரில் தாளைக் கிழிக்கப் போன விரல்களில் தாள் வழுக்கிற்றே தவிர வரவில்லை. போனில் வெளியூர்க் குரல் கேட்டது; உள்ளூர்க் குரல் வெளியே போகவில்லை. உள்ளே வர எதற்கும் தடையில்லை. வெளியே போவதுதான் அந்த ஊரைவிட்டு எழுந்து போயிருந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊர்க்காரர்களில் ஹில்டாவுக்கு மட்டும் தெரியும்.

அந்தப் பாட்டு அவள் கொண்டுவந்தது. 'கடைசி பஸ்'ஸில் அவள்தான் பாடகி, ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பாட வராது. முதுகைச் சனத்துக்கும் முகத்தை டிரம்ஸுக்கும் கொடுத்து நின்று, டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் லியோனைப் பார்த்தபடி பாடுவாள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு அதுதான் ராக் பாணி என்று முடிவு செய்துகொண்டது. கிதார் கஸ்பார். அவன் தந்தியைச் சுருதி சேர்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான் என்பதும், சேர்ந்த பிறகு கீழுதட்டை ஒரு தரம் ஈரப்படுத்திக்கொள்வான் என்பதும் ஹில்டாவைத் தவிர யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. பேச வேண்டிய இடங்களிலெல்லாம் அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததில் சேர்ந்துபோன அறிவு அது.

கல்லூரி நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்த நாவலின் பெயர் 'பாய்மரத் தெரு'. அதில் பாய்மரத்துணி தைக்கும் ஒருத்தி, கப்பலுக்குப் போகிறவனுக்காகத் தைத்தபடி பாடும் பாட்டொன்று வருகிறது. மூன்று சரணங்களை அவள் ஒரு மாலையில், ஒத்திகை நடக்கும் தகரக் கொட்டகையில், கஸ்பாரிடம் படித்துக் காட்டினாள்.

பாய்மரத்துணி தைக்கிறேன், நூல் நீளமாய் இருக்கு,
நூல் தீரும்வரைக்கும் நில்.
விளக்கை ஏற்றி வைத்தேன், எண்ணெய் மிச்சம் இருக்கு,
எண்ணெய் வற்றும்வரைக்கும் நில்.
சோற்றை வடித்து வைத்தேன், சூடு இன்னும் இருக்கு,
சூடு ஆறும்வரைக்கும் நில்.

கஸ்பார் கிதாரை எடுத்தான். அந்த 'நில்' இருந்த இடமெல்லாம் அவன் கை தானாக ஒரு நீண்ட சுரத்துக்குப் போயிற்று. மூன்றாவது 'நில்'லில் லியோன் டிரம்ஸோடு உள்ளே விழுந்தான். தகரக் கொட்டகை அதிர்ந்தது, பக்கத்துப் பஸ் ஸ்டாண்டில் தூங்கிய நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. "இதுலயே முடிச்சிரலாம்ல," என்றான் கஸ்பார். "நில்லு நில்லுன்னு சுத்திச் சுத்தி வாசிச்சுட்டு, அப்படியே நிறுத்திருவோம். சனம் மூச்சு விடாது."

"இதுலயே முடிச்சிரலாம்," என்றாள் ஹில்டா.

நாவலில் நாலாவது சரணம் ஒன்று உண்டு. அதை அவள் சொல்லவில்லை. பாட்டு நீண்டுவிடும், நேரம் போதாது என்று தனக்குள்ளேயே ஒரு காரணம் வைத்திருந்தாள். உண்மையில், திருவிழா முடிந்ததும் கஸ்பார் கொச்சிக்குப் போய்க் கப்பலேற வேண்டும்; சின்ன வயசில் மணலில் கப்பல் வரைந்து அதற்குள் படுத்துக் கிடந்தவனுக்கு முதல் கப்பல் அது. அவனிடம் தன் வாயால் சொல்ல முடியாத ஒரே சொல்லை மேடையில், முதுகைக் காட்டியபடி, ஊரறியச் சொல்லிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. சொன்னாள். ஊர் மொத்தமும் நின்றுவிட்டது.

நாவலை எழுதின சண்முகவடிவு அன்று முன்வரிசையில் இருந்தார். மின்வாரிய அலுவலகத்தில் வேலை, திருநெல்வேலிப் பக்கம் வீடு. தன் பாட்டுக்குப் பையன்கள் மெட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு கைப்பையோடு பார்த்துவிட்டுப் போக வந்தவர். இப்போது ஹில்டாவின் வீட்டில், அவளுடைய அறையில், அவளுடைய தலையணையில் தங்கியிருந்தார்.

"ஏம்மா," என்றார், காபியை ஒரு வாய் குடித்துவிட்டு. "நாலாவது சரணம் எங்க போச்சு?"

ஹில்டா டம்ளரைப் பார்த்தாள். "நேரம் பத்தல மேடம்."

"அப்படியா? இப்பப் பாரு, நேரம் போகவே மாட்டேங்குது."

ஹில்டா மெல்லக் கேட்டாள். "நீங்களே பாடிட்டா?"

"குளிக்கும்போது பாடிப் பாத்துட்டேன். என் குரலுக்கு ஒரு கொசு கூட வெளிய போகல. பாட்டைப் பாதியில நிறுத்துனவதான் முடிக்கணும் போலிருக்கு." காபியை மறுபடி குடித்தார். "அவசரமில்ல. நான் லீவு போடாம இத்தனை வருசம் இருந்தவ. உங்க ஊரு மீன் நல்லாருக்கு. காபிதான் சகிக்கல."

அதற்கப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரகசியம் தெரிந்தவர்கள் இருவர். இருவருக்கும் நின்றுபோன ஊர் பிடித்திருந்தது.

உண்மையில் எல்லோருக்குமே பிடித்திருந்தது. ஒவ்வொரு மாலையும் திருவிழா, ஒவ்வொரு மாலையும் 'கடைசி பஸ்', ஒவ்வொரு மாலையும் அந்தப் பாட்டு. சண்டை போட்டு வேலைக்கு வெளியூர் கிளம்பிய புருஷன்மார்கள் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார்கள், பரீட்சைக்குப் போக வேண்டிய பிள்ளைகள் பஸ்ஸில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து விளையாடினார்கள். கஸ்பார் மட்டும் தினமும் காலையில் பையோடு வந்து பஸ் ஏறினான். மதியம் அதே பையோடு இறங்கினான். ஹில்டா டீக்கடையில் அவனுக்காக ஒரு டீயை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீயின் சூடு ஆறவே இல்லை. அந்த ஊரில் அப்போது எந்தச் சூடும் ஆறவில்லை. இப்படித் தினமும் ஒருவனை எதிர்கொள்வதற்கு என்ன புண்ணியம் செய்தோம் என்று நினைப்பாள், உடனே சொல்லாமல் விட்ட நாலாவது சரணம் ஞாபகம் வரும்.

"இன்னைக்கும் ஏஜென்டு பேசினான்," என்றான் கஸ்பார் ஒருநாள். "எங்கய்யா இருக்க, எங்கய்யா இருக்கன்னு கத்துறான். நான் பேசுறது அவனுக்குக் கேக்கல. கப்பலு எனக்காக நிக்குமா ஹில்டா?"

அவள் மூடியை எடுத்துவிட்டு டீயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு விசயம் சொல்லவா? நம்ம பாட்டு முடியலன்னு எனக்கு ஒரு எண்ணம். வாசிச்சு முடிச்ச பொறவும் கை கிதார்லயே கிடக்கு. அடுத்தது எங்கன்னு தேடுது."

"டீயைக் குடி," என்றாள் ஹில்டா.

"குடிச்சாலும் குறைய மாட்டேங்குதே," என்று அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போக வழி தெரியாமல் வெகுநேரம் அங்கேயே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

பிறகு இனிப்பு மெல்ல மெல்லத் திகட்டியது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. அடுப்புப் புகை ஊருக்கு மேலேயே படுத்துக்கொண்டது. உயிர் பிரியக் காத்திருந்த சூசை மாமா, எல்லோரிடமும் விடைபெற்று முடித்து, மறுபடி ஒரு சுற்று விடைபெற்று, பேச ஒன்றுமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ராட்டினக்காரர் தன் பிள்ளைகளின் பெயர்களைக் குதிரைகளுக்கு வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார். அப்போதும் ஹில்டா வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள். அந்த ஊரில் நாளை என்று ஒன்று காலண்டரிலேயே இல்லை.

லியோனின் மனைவி மெட்டில்டாவுக்கு இடுப்பு வலி கண்டது ஒரு மத்தியானம்.

வலி வந்தது. போகவில்லை. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் பெண்களுக்கு மூச்சு வாங்கக் கிடைக்கும் அந்தச் சின்ன இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை; வந்த வலி வந்தபடி நிற்க, அதன் மேல் அடுத்தது வந்து ஏறியது. ஆஸ்பத்திரிக்கு வேன் வைத்தார்கள். லியோன் முன்னால் உட்கார்ந்து, "நேராப் போண்ணே, நேராப் போண்ணே" என்று டிரைவரிடம் கெஞ்சிக்கொண்டே போனான். வேன் நேராகப் போய், நேராக அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதுவரை எத்தனையோ வண்டிகள் அப்படித் திரும்பி வந்ததைப் பார்த்துச் சிரித்த தெரு, அன்று முதன்முறையாகச் சிரிக்கவில்லை.

நர்ஸ் எமல்டா உள்ளேயிருந்து வந்து கையைத் துடைத்தாள். "தலை எறங்கிருச்சு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா புள்ள வெளிய வர மாட்டேங்குது. இங்கருந்து எதுதான் வெளிய போகுது?" துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "இப்படியே இருந்தா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல, லியோன்."

ஹில்டா கட்டிலருகே போனாள். மெட்டில்டா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், வளையல் நொறுங்கும்படி.

"ஏட்டி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்கண்ணன் வாசல்ல நின்னு அழுறானா?"

"இல்ல மைனி."

"பொய் சொல்லாத. மூக்குச் சத்தம் இங்க கேக்கு." வலி அவளை வில்லாக வளைத்தது. "எம்புள்ளைய எப்படியாவது வெளிய விடச் சொல்லுட்டி... யார்ட்டயாவது சொல்லு..."

யாரிடம் சொல்ல வேண்டுமோ அவள்தான் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். ஹில்டா கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். சண்முகவடிவு கூடத்தில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்முகவடிவு தலை குனிந்துகொண்டார்.

மேடையில் கஸ்பார் மாலைக்கு ஒயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஓடி வந்த ஹில்டாவுக்கு மூச்சிரைத்தது.

"நாலாவது ஒரு சரணம் இருக்கு."

"எதுல?"

"நம்ம பாட்டுல. புத்தகத்துல இருக்கு. நான்தான் விட்டுட்டேன்."

"ஏன்?"

அவள் அவனையே பார்த்தாள். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தவளை அவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தான். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கிதாரைத் தோளில் மாட்டினான், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுருதி சேர்த்தான், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"நீ பாடு," என்றான். "நான் பின்னால வாரேன்."

டிரம்ஸில் லியோன் இல்லை. முகத்தைக் கொடுக்க இடமில்லாமல் ஹில்டா, சுருதிச் சத்தம் கேட்டுக் கூடிவிட்ட கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். வளையல்காரிகள் இருந்தார்கள், பிச்சையா இருந்தார், பங்குச்சாமி இருந்தார், நாய்கள் இருந்தன. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் அவள் மூச்சை முதலில் ஊருக்குச் சொல்லின. மூன்று சரணங்களையும் பாடினாள். மூன்றாவது 'நில்' நீண்டு, தெருவெல்லாம் நடந்து, மைனி படுத்திருந்த ஜன்னலைத் தொட்டு, கடலோரம் போய் நின்றது. அங்கேதான் எப்போதும் பாட்டு முடியும். சனம் கைதட்டக் கையை உயர்த்தியது.

அவள் பாடினாள்.

நூலைப் பல்லால் கடித்தேன், பாய் உன் மரத்தில் ஏறட்டும்,
என் தையல் உன் காற்றைத் தாங்கும்.
கரையை நான் பார்த்துக்கொள்கிறேன்,
கடலை நீ பார்த்துக்கொள், போய் வா.

கஸ்பாரின் கை ஒரு கணம் வழி தெரியாமல் நின்றது. பிறகு அது தேடிக்கொண்டிருந்த இடத்தைக் கண்டுகொண்டு, அவள் பின்னாலேயே, அந்த வரிகள் போன வழியெல்லாம் போயிற்று.

முதலில் கொடி இறங்கியது. யாரும் தொடாமல், தூக்கம் வந்த பிள்ளை மடியில் சாய்வதுபோல, மணலில் வந்து படுத்தது. பிறகு இத்தனை நாள் உதிராத இலைகளெல்லாம் ஒரே மூச்சில் உதிர்ந்து தெருவை மஞ்சளாக்கின, முருங்கைப் பூ கொட்டியது, பிள்ளைகள் வாயிலிருந்து பல்லைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள், வீடு வீடாகக் காலண்டர் தாள்கள் கொத்தாகக் கழன்று விழுந்தன, புகை எழுந்து கடலுக்குப் போனது, காய்ச்சல் விட்டது, விக்கல் விட்டது, சூசை மாமா கூரையைப் பார்ப்பதை நிறுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலே, மெட்டில்டா படுத்திருந்த மூன்றாவது தெருவிலிருந்து, குழாய் ஒலிபெருக்கி எதுவும் தேவைப்படாத ஒரு குரல் வீறிட்டது.

லியோன் சட்டையில்லாமல் தெருவில் ஓடி வந்தான். "பொட்டப்புள்ள!" என்று கத்தினான். "ஏல, பொட்டப்புள்ளடா!" அல்வாக்காரரைக் கட்டிப்பிடித்து அவர் முதுகில் டிரம்ஸ் வாசித்தான்.

மறுநாள் காலை பஸ் நிரம்பி வழிந்தது. சம்பந்திமார்கள் ஏறினார்கள், வளையல்காரிகள் ஏறினார்கள், சண்முகவடிவு ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, "அடுத்த நாவல்ல ஒரு பாட்டும் கிடையாது, சொல்லிட்டேன்" என்றார். பிச்சையா இத்தனை நாள் கேட்காத டிக்கெட்டை எல்லோரிடமும் அதிகாரமாகக் கேட்டார்.

கஸ்பார் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். "நேரம் பத்தலன்னு விட்டதா மேடம் சொன்னாங்களே?"

"ஆமா."

"நேரம் இருந்துச்சு ஹில்டா," என்றான். பிறகு, "போயிட்டு வாரேன்," என்றான்.

அந்த ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, போகிறவரைப் பின்னால் கூப்பிடுவதுமில்லை. அவனும் சொல்லவில்லை, அவளும் கூப்பிடவில்லை. "போயிட்டு வா," என்றாள். மைக் இல்லாமல், அவன் முகத்தைப் பார்த்து.

பஸ் உப்பளங்களைத் தாண்டி உடைமர வளைவில் மறைந்தது. மதியம் ஆனதும், பழகின காலோடு, ஊர் மொத்தமும் தெற்கு ரோட்டில் போய் நின்றது. டீக்கடையில் ஒரு டீயை மூடி வைத்துவிட்டு ஹில்டாவும் போய் நின்றாள். ரோட்டில் ஒரு பன்றிக்குட்டி நடந்து வந்தது, வேறெதுவும் வரவில்லை. யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அவள் திரும்பி வந்து மூடியை எடுத்துப் பார்த்தாள். டீ ஆறியிருந்தது. ஆறின டீயை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தாள்.

'கடைசி பஸ்' இன்றைக்கும் அந்தப் பாட்டைப் பாடுகிறது, நாலு சரணமும். கிதாருக்கு வேறொரு பையன் வந்துவிட்டான். ஹில்டா கூட்டத்தைப் பார்த்துத்தான் பாடுகிறாள்; முன்வரிசையில், மெட்டில்டாவின் மடியில், அவள் மருமகள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது 'நில்'லுக்கும் நாலாவது சரணத்துக்கும் நடுவில் அவள் ஒரு மூச்சு நிறுத்துவாள். அப்போது உதிரும் இலை பாதியில் நிற்கும், புறப்பட்ட பஸ்ஸில் டிரைவரின் கை கியரின் மேல் நிற்கும், கரைக்கு வந்த அலை திரும்பிப் போகாமல் கேட்டுக்கொண்டு நிற்கும், எங்கோ ஒரு கடலில் ஒரு கப்பல் காரணம் தெரியாமல் கொஞ்சம் மெதுவாகும். வெள்ளாந்துறைக்காரர்கள் அதற்கெல்லாம் அவசரப்படுவதில்லை. பாட்டுக்காரப் பிள்ளைக்கு அந்த ஒரு மூச்சு மட்டும் உரியது என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

அவள் அதை வேண்டுமளவு வைத்திருப்பாள். பிறகு நூலைக் கடிப்பாள்.